தரையில் பதிக்காத மெஷின்கள்

"…அந்தச் சக்கரச் சட்டத்த மட்டும் ஒரு நாளைக்குக் குடு மாப்ளே. சீசன் வந்துருச்சு, மெஷினு நடுக்கூடத்துல மலை மாதிரி கெடக்கு" என்று எங்கள் பெரிய மாமா அண்ணனின் பட்டறை வாசலில் நின்று கேட்டார். அண்ணன் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அவருடைய இந்த நினைவு மலரில், முதலில் அவர் வாழ்ந்த கதை.

அண்ணன் கன்னிவாடியில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே தவறிவிட, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு மலையேறித் தச்சுவேலை பழகி, கொடைக்கானலுக்கு வெளியே பெரிய மாமாவின் தகரக் கொட்டகையில் பட்டறை போட்டார். ஒழுகிய கூரையை மாற்றினார். சரிவான தரைக்குக் கான்கிரீட் போட்டு மட்டம் செய்தார். புதிதாக வாங்கிய இழைப்பு மெஷின் ஆடாமலிருக்க, அதன் கால்களைப் போல்ட் வைத்துத் தரையோடு பதித்தார். தாய்மாமன் இடம்தானே என்ற நம்பிக்கை.

கொட்டகையை விடுதியாக்கும் ஆசை மாமாவுக்கு வந்தது. சொந்தங்கள் கூடிப் பேசியபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "கையில எடுக்குறதெல்லாம் அவனுக்கு. தரையில பதிச்சது தரைக்குத்தான் சேரும்." உங்களில் பலர் தலையாட்டினீர்கள். இதை வாசிக்கும்போதாவது அந்தக் கழுத்து வலிக்கட்டும்.

அண்ணன் உளிப்பெட்டியோடு வெளியேறினார். ஒரு சொல் திட்டவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறமே வாடகைக்கு இடம் பிடித்தார். இனி எதையும் தரையில் பதிப்பதில்லை என்பது அவர் வைராக்கியம். வெல்டர் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, பிறகு வாங்கிய ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில் இரும்புச் சட்டம் செய்தார். மிதியை அழுத்தினால் சக்கரங்கள் இறங்கி மெஷினைத் தூக்கிக்கொள்ளும். அண்ணி ஒருவரே தள்ளிவிடுவார். மிதியை விட்டால் சக்கரங்கள் மேலேறி, மெஷின் தன் காலில் அழுந்தி நிற்கும். "வேலை நேரத்துல ஆடக்கூடாது, நகத்துனா அடம்புடிக்கக் கூடாது. மெஷினுக்கும் அதான், மாப்பிள்ளைக்கும் அதான்" என்பார், என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே.

உபரியாக ஒரு சட்டமும் செய்து வைத்திருந்தார். மாவு மில்காரர் கேட்டாலும் லேத்துப் பட்டறைக்காரர் கேட்டாலும் இரவல் கொடுப்பார். அதைத்தான் மாமாவும் கேட்டு வந்தார். மெஷினை வைத்துக்கொண்டே அதைச் சுற்றி டைல்ஸ் ஒட்டிவிட்டார் அவர். போல்ட்டை அறுத்தாகிவிட்டது, ஆனால் கடப்பாரை போட்டு நெம்பினால் டைல்ஸ் உடைகிறது.

மரத்தூள் அண்ணனின் நுரையீரலை அரித்துவிட்டது. கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலின் சக்கரத்தில் பூட்டு சரியில்லை என்று கண்டுபிடித்து, அட்டையை மடித்துச் சொருகச் சொன்னார். அதன் பிறகுதான் நிம்மதியாகப் படுத்தார்.

தினமும் வெள்ளனே வந்து அண்ணனைத் தாங்கிய வெல்டர் நண்பருக்கும், ஆயக்குடியிலிருந்து ஓடிவந்து இறுதிக் காரியங்களைச் செய்த சம்பந்தி வீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பெரிய மாமாவுக்கும்தான். அவர் பிடுங்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தச் சக்கரங்கள் பிறந்திருக்காது. இந்த மலரின் முதல் பிரதி அவருக்கே.

சட்டம் கேட்டு வந்த அன்று அண்ணன் அவருக்கு நாற்காலி போட்டுக் காப்பியும் வரவழைத்தார். "தரையில பதிச்சது தரைக்குத்தானே மாமா? தரையோட பொருளுக்கு நான் எப்பிடிச் சக்கரம் மாட்டுறது?" என்றார் மெதுவாக.

மாமா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்த சீசன் முழுக்க இழைப்பு மெஷின்மேல் பூப்போட்ட விரிப்பை விரித்து, அதன்மேல் இட்லிப் பாத்திரத்தை வைத்து, டூரிஸ்ட்டுகளுக்குத் தம் கையாலேயே பரிமாறினார்.