மூடியில் வைத்த சந்தனம்

ரப்பர் விலை விழுந்து மலாய் நாட்டுத் தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது. வேலை இல்லாத தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூட்டை முடிச்சுகளோடு ஜெட்டி என்னும் கப்பல்துறைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் வேலைக்குப் போவேன். மெக்கலிஸ்டர் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சீனரின் ஒர்க்ஷாப்பில் எனக்கு வேலை. முதலாளியைத் தவுக்கே என்போம். நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. நாலு பேர் முன்னால் பேச வராது. எஞ்சின் என்னைக் கேள்வி கேட்காது என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. பச்சை நிறம். வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தும் தகடு கண்ணாடி மாதிரி பளபளத்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய வண்டி. கொண்டுவந்தவர் அவருடைய டிரைவர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். பெரும்பாலும் துரை தானே ஓட்டிக்கொள்வார். கழுவுவதும் துடைப்பதும், கிளப் வாசலில் வண்டியோடு காத்திருப்பதும்தான் அண்ணன் வேலை. அப்படிப்பட்ட வண்டிக்கு டிரைவரே வேண்டியதில்லை என்பது அவருக்கும் தெரியும். பங்களாவுக்குப் பின்னால் கார் கொட்டகையை ஒட்டி அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் மெதுவாக ஓட விடுவதை நாங்கள் ஸ்லோ என்போம். இந்த எஞ்சின் ஸ்லோவில் நிற்கவில்லை. இருமும், குலுங்கும், மூச்சை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும், பிறகு செத்துவிடும். கிளப் வாசலில் அப்படி நின்றுபோய், துரையின் சிநேகிதர்கள் சிரித்திருக்கிறார்கள். தண்ணீரைப் பீச்சிக் கழுவி எஞ்சினைக் கெடுத்தவன் நீதான், சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அறையைக் காலி செய் என்று துரை சொல்லிவிட்டார்.

"வேல போச்சுன்னா கப்பல்தான் தம்பி," என்றார் அண்ணன். "அவ ஒடம்பு கடல் தாங்காது."

நான் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். எஞ்சின் ஓடும்போது மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பொறியை அறுத்துப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் ஓட்டம் ஒரே மாதிரி இறங்கியது. ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால் அதைத் தொடும்போது மாற்றமே இருக்காது. ஆக, கோளாறு எல்லாவற்றுக்கும் பொது. பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைத் திறந்தேன், அதில் குறையில்லை. காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறதோ என்று இணைப்புகளைச் சுற்றி எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். அதுவும் இல்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன்.

இங்கேதான் எனக்குக் குழப்பம் வந்தது. அதில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் மூடியைத் திறந்து மூடினால் எஞ்சின் பூனை மாதிரி ஓடும். சரியாகிவிட்டது என்று கையைத் துடைப்பேன். ஒரு சுருட்டு பிடிக்கும் நேரத்தில் மறுபடி இருமல். கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையைச் சந்தேகப்பட்டேன், ஊசியைச் சந்தேகப்பட்டேன். தவுக்கே வந்து பார்த்துவிட்டு, கிழட்டு வண்டி, விட்டுத் தொலை என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் கீழ் வேலை செய்வது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, மேலே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாசனைக்கு நடுவில் சந்தனம் மணந்தது. அந்தக் கிண்ணத்தின் பித்தளை மூடியில் சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. முதல் நாளிலிருந்தே நான் பார்த்த பொட்டுதான். எங்கள் ஆட்கள் தொடும் எந்த எஞ்சினிலும் ஒரு பொட்டு இருக்கும். அது கண்ணில் படும், மனசில் படாது. மூடியை அத்தனை முறை கழற்றியபோதும், பொட்டு அழியாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் கழற்றியிருக்கிறேன். பொட்டை அழிக்க யாருக்குக் கை வரும்?

அந்த மூடியில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்க வேண்டும். கிண்ணம் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். மூடியைத் திறக்கும்போது காற்று போகிறது, எஞ்சின் ஓடுகிறது. மூடியபின், பொட்டு துவாரத்தை அடைத்திருப்பதால் மூச்சு முட்டுகிறது.

அண்ணனைக் கேட்டேன். சூலியா தெரு தர்காவில் கொடுத்த சந்தனம் அது. இந்துக்களான நாங்களும் அதை வாங்கி வைத்துக்கொள்வோம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று மனைவி நெற்றியிலும் அறை வாசல் நிலையிலும், சோறு போடும் வண்டி என்று எஞ்சினிலும் வியாழன்தோறும் வைத்திருக்கிறார். அந்த மூடி சின்னத் தலை மாதிரி இருந்ததால் அதில் வைத்தாராம். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு.

"நீங்களே எடுங்கண்ணே," என்றேன்.

அவர் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுரண்டினார். நான் ஊசியால் துவாரத்தைக் குத்திவிட்டேன். எஞ்சின் அன்று சாயங்காலம் வரை ஒரு சீராக ஓடியது. என் கையைப் பிடித்த அண்ணன் வெகுநேரம் விடவில்லை.

சனிக்கிழமை காலை துரை வந்தார். கூடவே இன்னொரு துரை, ஜலசந்திக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர். இருவரும் போனட்டின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து எஞ்சினை ஓடவிட்டார்கள். தண்ணீர் அசையவில்லை. இரண்டாவது துரை தலையை ஆட்டினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஓட்டிப் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

எங்களுக்குப் புரியவில்லை. தவுக்கேதான் சொன்னார். துரையின் கம்பெனி ஆபீசை மூடுகிறது, அவர் சீமைக்குப் போகிறார். சனிக்கிழமைக்குள் என்று அவசரப்பட்டது விற்பதற்காகத்தான்.

"அந்தத் துரைக்கி டிரைவர் வேணுமா, கேளுங்க தவுக்கே," என்றார் அண்ணன்.

"அவரு சென்டிரி பாவாலா. டிரைவர் வேணாம்," என்றார் தவுக்கே. சென்டிரி பாவா என்றால் தானே ஓட்டுவது. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தவுக்கே சாப்பிடப் போனதும் அண்ணன் என்னிடம் வந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சிகரெட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே சந்தனம்.

"தம்பி, அத மறுபடி அடைச்சிருவமா? அவன் வேணாம்னு போயிருவான். வண்டி விக்கிற வரைக்கும் ரூம்ல இருக்கலாம். பிள்ள பொறந்துரும்."

செய் என்று இன்னொரு முறை சொல்லியிருந்தால் செய்திருப்பேன். அவர் சொல்லவில்லை. தானே விரலில் சந்தனத்தைத் தொட்டு மூடிக்கு நேராகக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது. வெளியே ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது.

"நல்லதுக்கு வச்சது," என்றார். "கெடுக்க வச்சா, அவ நெத்தியில இருக்கறது என்னாகும்?"

விரலில் இருந்ததைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு டின்னை மூடினார். பிறகு துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். சக்கரக் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்தார். துரைகள் வந்தபோது எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. புது எஜமானர் அதை ஓட்டிக்கொண்டு ஜெட்டிப் பக்கம் திரும்பும் வரை அண்ணன் துணியோடு வாசலில் நின்றார்.

வேறு வேலை கிடைக்கவில்லை. அடுத்த கப்பலில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். நான் ஜெட்டிக்குப் போயிருந்தேன். அண்ணன் மனைவி ஒரு தகரப் பெட்டியின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நெற்றியில் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அண்ணன் என்னிடம் வண்டியைப் பற்றித்தான் கேட்டார். அக்கரையில் நன்றாக ஓடுகிறதாம் என்றேன். தலையசைத்தார்.

அந்தக் கப்பலில் போய்த் திரும்பிவந்த, கப்பல் சிப்பந்தியான ஒரு லஸ்கரை மூன்று மாதம் கழித்துச் சந்தித்தேன். நடுக்கடலில் பிரசவம் ஒன்று நடந்தது என்றான். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டார்களாம். தாய் யார், எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை. நெற்றியில் சந்தனம் இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.