மின்சாரம் இல்லாதபோது நடந்த நுழைவு

"வியாழன். பகல் 1.35க்கு மின்சாரம் போனது. 3.50க்கு வந்தது. நான் வீட்டில்." என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மின்வெட்டுகளைக் குறித்து வைப்பது என் பழக்கம்.

சனிக்கிழமை காலைதான் அந்த மின்னஞ்சலைப் பார்த்தேன். என் இணையக் கணக்கில் ஒரு புதிய போனிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்களாம். வியாழன், பிற்பகல் 2.10. முதலில் அந்த மின்னஞ்சலையே சந்தேகித்தேன். அதிலிருந்த இணைப்பைத் தொடாமல், கணக்கை நேரடியாகத் திறந்து பார்த்தேன். அங்கும் அதே 2.10, கூடவே அந்தப் போன் எந்த மாதிரி என்பதும். இடம் கொழும்பு. ராகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானே நுழைந்தாலும் கொழும்பு என்றுதான் காட்டும். அதனால் இடத்தை நம்ப முடியாது. ஆனால் அந்த நேரத்தில் என் கணினி அணைந்து கிடந்தது. என் போனோ பழைய பட்டன் போன்.

கணக்கில் என்னுடையது மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். வீட்டுக் காணி விண்ணப்பத்துக்காக எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பதினொரு குடும்பங்கள் நம்பித் தந்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் அதில் இருந்தன.

சந்தேகப்பட வேண்டியவர்களை எழுதத் தொடங்கினேன். முதலில், முந்திய வாரம் என் கணினியைப் பழுதுபார்க்க மூன்று நாள் வைத்திருந்த கடைக்காரர். அடுத்து, எங்கள் இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டு அண்ணன். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவி அதை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரையும் எழுதுங்க. பாஸ்வேர்ட் என்னான்னு மொதல்ல சொல்லுங்க."

"உன் பேரு. பின்னால தோட்டத்துப் பதிவுல இருக்கிற உன் செக்ரோல் நம்பர்."

"நல்லா வச்சீங்க போங்க! கொழுந்து நிறுக்கயில கணக்கப்புள்ள பேரையும் நம்பரையும் ஒவ்வொரு தடவயும் கத்துறாரு. கொழுந்து மடுவத்துல படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும்!"

கையிலிருந்த பட்டியலை மடித்து வைத்தேன். இனி அதில் தோட்டத்தையே எழுத வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றினேன். யார் நுழைய முயன்றாலும் என் பட்டன் போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் வரும்படி செய்தேன். பிரதிகளை அழித்தேன்.

"அழிச்சா போதுமா? குடுத்தவங்ககிட்ட சொல்ல வேணாமா?"

"சொன்னா இனிமே ஒரு துண்டுப் பேப்பர்கூட எங்கிட்ட தரமாட்டாங்க."

"தராட்டி போறாங்க. அவங்க பேருல எவனாச்சும் சிம் எடுத்தா, பொலிஸ் அவங்க வாசல்லதான வந்து நிக்கும்?"

ஞாயிறன்று பதினொரு வாசலும் ஏறினேன். பேசும்போதே எல்லார் கையிலிருந்த போனையும் கவனித்தேன். கணக்கில் பதிவான அதே மாதிரிப் போன் இரண்டு வீடுகளில் இருந்தது. எந்த வீடுகள் என்று நான் எழுதவில்லை.

கடைசி வீட்டு அக்கா நிதானமாகக் கேட்டார். "எங்க பேப்பர யாரு பாத்தாங்க, தம்பி?"

"தெரியலக்கா."

"தெரியலன்னு சொல்லத்தான் வந்தீங்களா? சரி, விண்ணப்பத்த நாங்களே கொண்டுபோய் குடுத்துக்கிறோம்."

2.10க்கு நுழைந்தவர் யார், பிரதிகள் திறக்கப்பட்டனவா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை. யாரோ நுழைந்ததைத்தான் கணக்கு காட்டுகிறது. உள்ளே எதைப் பார்த்தார் என்பதற்கு அதில் பதிவு இல்லை.