அந்த முதுகை முறித்தது நான்தானாம்

கரவெட்டிப் பக்கம் போனால் சனம் முதலில் என் கைகளைத்தான் பார்க்கிறது. போன மாதம் அங்கே ஒரு மருந்துக்கடையில் நின்றேன். முன்னால் நின்ற மனுசி, பக்கத்தில் நின்றவளிடம் குரலைக் குறைக்காமலே சொன்னாள்: "உவள்தான். அந்தப் பெட்டையின்ரை முதுகை முறிச்சவள்." திரும்பி ஒரு நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் மனுசியின் வாய் மூடியிருக்கும். சொல்லாமல் பனடோல் அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவபீடத்தை மயிரிழையில் தவறவிட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்போம். நான் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் தவறவிட்டவள். பிறகு கொழும்பில் இரண்டு வருடம் ஒஸ்டியோபதி படித்தேன். மருந்து, ஊசி இல்லை. கையால் தொட்டுப் பார்த்து, மூட்டையும் தசையையும் மெல்ல அசைத்து நோவைக் குறைக்கிற வைத்தியம். படித்து முடித்ததும் கொக்குவிலில் மாமா வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன். ரயில் போகும்போதெல்லாம் அது சுவரில் நடுங்கும்.

எனக்கு அது பைத்தியமாகவே பிடித்திருந்தது. கலியாண வீட்டில் பந்தியில் இருந்துகொண்டு பக்கத்தில் இருப்பவருக்கு விலா எலும்பைப் பற்றி விளக்குவேன். பஸ் தரிப்பிடத்தில் நடந்து போகிறவர்களில் யாருக்கு இடுப்பு சரிந்திருக்கிறது என்று கணக்குப் பார்ப்பேன். வந்த சனத்துக்கோ நெட்டி முறிகிற சத்தம்தான் வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் பழகிய உடம்புகள். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவருக்கு முக்கால் மணித்தியாலம் கழுத்தைப் பக்குவமாகப் பார்த்து முடித்தேன். மனுசன் கண்ணைத் திறந்து, "எப்ப பிள்ளை தொடங்குவியள்?" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெட்டையின் தாய் தொலைபேசியில் எடுத்தார். அவள் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணினிக்கு முன்னால் வேலை.

"பிள்ளை, இவளுக்கு முதுகு நோ. வீட்டை வந்து பார்க்கேலுமோ? உன்ரை அறைக்குக் கூட்டி வந்தால் ரோட்டாலை போறவை எல்லாம் காணுவினம். கனடாவிலை சம்பந்தம் ஒண்டு பேசுப்படுகுது."

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசுகிற பெண்ணுக்கு நோ வரக்கூடாது. படம் எடுக்கும்போது கண்ணாடியைக்கூடக் கழற்ற வேண்டும். மடிக்கிற கட்டிலை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். தாய் ரோட்டுப் பக்கத்து யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே பார்த்து, "டொக்டர் பிள்ளை வந்திட்டுது" என்றார். நான் திருத்தவில்லை. மூன்று தரம் தவறவிட்டவளுக்கு அந்தச் சொல் எவ்வளவு இனித்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

கட்டிலில் முகத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்தாள். நான் என் கேள்வித்தாளை எடுத்தேன். கேட்டது அவளை. பதில் சொன்னது தலைமாட்டில் நின்ற தாய்.

"காய்ச்சல் காயிறதோ?"

"சீ, அப்பிடி ஒண்டும் இல்லை."

"நல்லா மெலிஞ்சு போனாய் போலை?"

"கலியாணத்துக்கு மெலிஞ்சால் நல்லதுதானே பிள்ளை. சாறிக்கு எடுப்பா இருக்கும்."

"வீட்டிலை ஆருக்கும் காசநோய் இருந்ததோ, அன்ரி?"

தாயின் முகம் இறுகியது. "எங்கடை குடும்பத்திலையோ? உதென்ன கேள்வி?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவள்போலக் கூசிப்போய் 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன். அவள் ஓட்டைக்குள்ளால் தரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

நடுமுதுகில் ஒரு எலும்பு மட்டும் சற்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. என் விரல் அதில் பட்டதும் எனக்கு வந்தது சந்தோசம். பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம். விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். உடம்பு முழுவதும் துள்ளியது. அப்படித் துள்ளினால் எலும்புக்குள்ளேயே நோய் இருக்கலாம், கையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதைச் சோதனையில் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியவள் நான். ஆனால் மனதுக்குள் கொழும்பு ஆசிரியருக்கு அனுப்பப்போகும் அறிக்கை ஓடத் தொடங்கிவிட்டது: கந்தோர்க் கதிரை, நடுமுதுகு நோ, நான்கே அமர்வில் சுகம்.

கையை எடுக்காமல் தசையை மெல்ல நீவிவிட்டேன். இரண்டு நாளைக்கு நோ குறைந்தது. "உனக்குக் கை ராசி" என்றார் தாய்.

மூன்றாம் தரம் போனபோது தாய் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனார். அவள் ஓட்டைக்குள்ளிருந்து மெல்லக் கதைத்தாள். "எடியேய், படுத்தால்தான் கூட நோகுது. எழும்பேக்கை உடுப்பெல்லாம் வேர்வையிலை நனைஞ்சு கிடக்கு."

தாய் தட்டத்தோடு உள்ளே வந்தார். அந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். வாயை மூடிக்கொண்டு பிறகு அவளைத் தனியே கேட்டிருக்க வேண்டும். நானோ ஆர்வக்கோளாறில் தாய்க்கு முன்னாலேயே, "எவ்வளவு நாளா உப்பிடி வேர்க்குது?" என்று கேட்டேன்.

"ஃபான் பழுதாப் போய்க் கிடக்கு பிள்ளை. வேர்க்காமல் என்ன செய்யும்?" என்றார் தாய்.

நான் ஃபானை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

"ரெண்டு முறையும் ஒரு சத்தமும் கேக்கேல்லை. இண்டைக்கு வடிவா முறிச்சு விடு. அடுத்த ஞாயிறு பொம்பிளை பார்க்க வருகினம்" என்று தாயே தொடர்ந்தார்.

இரண்டு உள்ளங்கைகளையும் அந்த எலும்புக்கு இரு பக்கமும் வைத்து, அவள் மூச்சை விட்டு முடிக்கிற நேரம் பார்த்து ஒரு அழுத்து அழுத்தினேன். டக்.

"ஆ, இது வைத்தியம்!" என்றார் தாய். எனக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள்தான் வந்து படலை திறந்தாள். முன்னால் நடந்து போனவளின் ஒரு செருப்பு படலையடியில் கிடந்தது. அவள் ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டிருந்தாள்.

"உன்ரை செருப்பு."

குனிந்து காலைப் பார்த்தாள். "ஐயோ, கழண்டதே தெரியேல்லையடி." சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருத்தி, பாதத்தைப் பிடித்துச் சடாரென்று மேலே தள்ளினேன். பாதம் தன்பாட்டுக்குத் துடித்தது, தையல் மெசின் மிதிக்கிற மாதிரி. முள்ளந்தண்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

"அன்ரி, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"நாளையிண்டைக்கு வருகினம் பிள்ளை. திங்கள் நானே கூட்டிக்கொண்டு போறன்."

"திங்கள் இவள் நடப்பாளோ தெரியாது."

"நீதானே டொக்டர், நீ பாரன்!"

"நான் டொக்டர் இல்லை, அன்ரி."

அந்த வீட்டில் அதை அன்றுதான் சொன்னேன். தாய் என்னை முதன்முதல் காண்கிறவர்போலப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டி, கழலாமல் இருக்கக் காலோடு சேர்த்து ஒரு ரிபனால் கட்டினாள். "ஓட்டோவைக் கூப்பிடு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு இளம் டொக்டர், வீட்டில் காசநோய் இருந்ததா என்று நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை தாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இவளின்ரை அப்பாவின்ரை தம்பிக்கு இருந்தது. எங்களோடைதான் இருந்தவர்." அந்தச் சித்தப்பா கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். காசநோய்க் கிருமி அவளுடைய முள்ளந்தண்டை அரித்திருந்தது.

"ஆரோ முதுகை முறிச்சவையாமே?" என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான்."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னைவிட இரண்டு, மூன்று வயதுதான் கூட இருக்கும். "உங்களுக்கு இந்தக் குணங்குறி தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சோ?"

டொக்டர் போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: நீங்கள் தொடாமல் விட்டிருந்தாலும் எலும்பு சரிந்திருக்கலாம், உங்கள் கையால்தான் சரிந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியாது. இன்றுவரை என்னை அரிப்பது அந்த வசனம்தான்.

சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு நெஞ்சிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டி, மாதக்கணக்கில் காசநோய்க் குளிசை. நடந்தாள். படியேறும்போது மட்டும் கைபிடியைத் தேடுவாள்.

அவள் வார்ட்டில் கிடக்கும்போதே ஊருக்குள் கதை போய்விட்டது: அரைகுறையாய்ப் படித்த ஒரு பெட்டை முதுகை முறித்துப்போட்டாள். கிளப்பியது தாய். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதையே சொல்லியிருந்தார். ஆரோ முறித்த முதுகைக் கலியாணம் கட்டலாம். கிருமி அரித்த முதுகை யாரும் கட்டமாட்டார்கள். குளிசைகள் விற்றமின் போத்தலுக்குள் குடியேறின. மாப்பிள்ளை வீட்டார் பாவம் பார்த்து நாளைத் தள்ளிவைத்தார்கள்.

சண்டை பிடிப்பதற்கென்றே வார்ட்டுக்குப் போனேன். அவள் மல்லாந்து கிடந்தாள்.

"அம்மா சொல்லித் திரியிறது கேள்விப்பட்டாயோ?" என்று அவளே தொடங்கினாள்.

"ஓம்."

"மறுக்கப் போறியோ?"

"பொய்யெல்லோடி?"

"முறிச்சனீதானே?"

"முறிச்சனான்தான். ஆனால்..."

"அந்த 'ஆனால்' உன்னோடை இருக்கட்டும்." கண்ணை முகட்டை விட்டு எடுக்காமலே சொன்னாள். "உனக்கு வாயாலை சொன்னனான்தானே. நீ அம்மாவைத்தானே கேட்டனி."

சண்டைக்கென்று கொண்டுபோன சொற்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

பிறகு அவள் மாப்பிள்ளைக்குத் தானே தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். "மருந்தாலை மாறுற வருத்தம்தானே, இஞ்சை ஆர் உதைப் பார்க்கினம்?" என்று கேட்டானாம் அவன். யாருக்கு மறைக்கவென்று அவ்வளவு பாடுபட்டார்களோ, அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிறகும் பொய் கலையவில்லை. அவளுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். தங்கச்சிக்கும் கலியாணம் பேச வேண்டும். கலியாணத்துக்கு எனக்கு அழைப்புக் காட் வரவில்லை. விமானம் ஏற முதல் நாள் தொலைபேசியில் எடுத்தாள். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். "ஊரை மாத்தி எழுது" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

இப்போது கொக்குவில் அறைக்குக் கிழமைக்கு இரண்டு பேர் வந்தால் பெரிய காரியம். போன புதன்கிழமை ஒரு தாய் மகளைக் கூட்டி வந்தார். கந்தோரில் வேலையாம், தோள்மூட்டு நோவாம். கேள்வித்தாளை எடுக்க முதல், "அன்ரி, நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ" என்றேன்.

"ஏன்? எனக்குத் தெரியாதது இவளுக்கு என்ன தெரியும்?"

"வெளியிலை இருந்தால்தான் நான் பார்ப்பன்."

"உன்னைப் பற்றிச் சொன்னவை சரியாத்தான் சொல்லியிருக்கினம். எழும்படி, வா!"

அந்தப் பிள்ளை படலையடியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. நான் அதன் கால்களைப் பார்த்தேன். இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன. அதற்கு மேல் அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.