துணிக் குழாய்க்குள் அழுங்கு

விலங்கியல் படித்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். படித்த படிப்பு அரிசி புடைக்கக்கூட உதவவில்லை என்று என்னையே கேலி செய்துகொள்வேன். ஒரு நாள் காலை அதுவே என்னை மாமனாருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது.

மாமனாருக்கு மூலம். கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்துவிட்டது. உட்கார முடியாமல் அவதிப்பட்டார். அழுங்கின் ஓட்டில் மோதிரம் செய்து போட்டால் குணமாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேவூர்த் தோட்டத்து ஆட்கள் ஒன்றைப் பிடித்துக் கம்பெனிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி அது. பந்தாகச் சுருண்டுகிடந்ததை, மெஷினிலிருந்து குழாயாக இறங்கும் பனியன் துணிக்குள் தள்ளி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். மாமனாருக்குப் பலகாரம் கொண்டு நான் அங்கே போனபோது, அறுக்க வந்தவன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

மாமனார் முன்னால் அதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பிரேசிலில் ஆர்மடில்லோ என்று ஓடு போர்த்திய மிருகம் ஒன்று உண்டு, அதில் ஒரு வகை இப்படித்தான் சுருளும்; கடிக்க வரும் மிருகம் சலித்துப் போய்விடும், மனிதனோ பந்தை அப்படியே தூக்கிப் போய்விடுகிறான்; அங்கே கறிக்காக, இங்கே ஓட்டுக்காக, இரண்டும் அழிந்துகொண்டு வருகின்றன என்றேன். மோதிரத்தால் மூலம் போகாது என்றும் சொல்லிவிட்டேன்.

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பிரேசில்காரனுக்கு மூலம் வந்தா அவன் பாத்துக்குவான் அம்மணி. நீ ஊட்டுக்குப் போ."

கத்திக்காரன் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான்.

"ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்குதுங்க மாமா," என்றேன். "அழுங்கு குட்டி போட்டிருந்தா, அதை உள்ளார வெச்சுத்தான் சுருளும்."

மாமனார் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"இதுக்குள்ள குட்டி இருக்குதா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியலீங்க மாமா. பிரிச்சாத்தான் தெரியும்."

அவர் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். துணி மெல்ல ஏறி இறங்கியது. கடைசியில், பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார்.

அழுங்கை ஏற்றிய வண்டி வாசலைத் தாண்டியதும் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு மனசு துள்ளியது. மாமனார் சுவரைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். தன் வலியை மாமியாரிடம்கூட ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாத மனிதர்.

"ரொம்ப வலிக்குது கண்ணு. நீ படிச்சவ. வேற என்ன பண்றதுன்னு சொல்லு."

படித்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன்; மூலத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.