கயிறு தொட்டவருக்குப் பங்கு

பர்மாச் சண்டையில் எத்திராஜின் வலது முழங்காலில் ஒரு குண்டுச் சில்லு புகுந்தது. "தலைல பட்டிருந்தா ஒன்னும் ஆயிருக்காது" என்பாள் அவன் மனைவி வேம்பு. திருவொற்றியூர்க் குப்பத்துக்கு நொண்டிக்கொண்டு திரும்பியவனுக்குச் சர்க்கார் பென்ஷன் கொடுத்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு கட்டுமரம் ஏற முடியாது. பென்ஷனில்தான் உலை கொதித்தது.

நாற்பத்தெட்டாம் வருஷம், கால் இன்னும் ஊனமாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டர் வருவதாகத் தகவல் வந்தது. தேறிவிட்டது என்று அவர் எழுதிவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

"யோவ், டாக்டரு போற வரிக்கும் மணல்ல குந்திகினே இரு. எழுந்தே, இன்னொரு காலை நானே ஒடச்சிடுவேன்!" என்றாள் வேம்பு.

எத்திராஜ் குந்தினான். எதிரே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வெள்ளைக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்த நேரம் பார்த்து வலையில் மீன் மண்டியது. அன்று கடலே ஒரு சாண் வற்றியது என்று சத்தியம் செய்யக் குப்பத்தில் ஆள் உண்டு. இழுப்பவர்களின் கையை உருவிக்கொண்டு கயிறு கடலுக்குள் ஓடியது.

கடல்காரன் அதைப் பார்த்துக்கொண்டா இருப்பான்? பென்ஷனை மறந்தான், பெண்டாட்டியையும் மறந்தான். துள்ளி எழுந்து கயிற்றைப் பிடித்தான். முழங்கால் கைவிட்டது. குப்புற விழுந்தும் பிடியை விடவில்லை. கயிறு அவனை ஏராக்கி மணலை உழுதது.

"விடுய்யா! விடு!" என்று ஓடிவந்த டாக்டர், அவனை நிறுத்த முடியாமல் கயிற்றையே பிடித்தார். வலை கரையேறும் வரை அவரும் விடவில்லை.

கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் பங்கு உண்டு என்பது குப்பத்து வழக்கம். வேம்பு ஒரு வஞ்சிரத்தை அவரிடம் நீட்டினாள்.

"ஐயையோ, வேண்டாம்மா! லஞ்சம்னு சொல்லுவாங்க."

"இன்னா சார் லஞ்சம்? உன் கைய பாரு, தோலு உரிஞ்சி கீது. இது கூலி. நீ வாங்காம போயி நாளிக்கி வலை வெறுசா வந்தா, குப்பமே உன் வூட்டாண்ட வந்து நிக்கும்."

டாக்டர் வாங்கிக்கொண்டார். பிறகு எத்திராஜின் வீங்கிய முழங்காலை அமுக்கிப் பார்த்தார்.

"சார், பென்ஷன் பூடுச்சா?" வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே கேட்டான் எத்திராஜ்.

"நிக்கற வேலைக்கு உன் கால் ஆகாது. உட்கார்ந்து செய்யற வேலை பார்க்கலாம்னா, நீ எங்கே உட்கார்றே? ஆயுசுக்கும் பென்ஷன்தான்னு எழுதிடறேன்."

வேம்பு இன்னொரு வஞ்சிரத்தைத் தூக்கினாள். "இந்தா சார், இதான் லஞ்சம்!"

டாக்டர் முதல் மீனை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.