வேம்பு பேரில் போன டப்பா

மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சுன்னு டிவியில காட்டினாலும் வேம்பு நம்ப மாட்டா. வாய்க்கால்ல இறங்கி, கணுக்கால் நனைஞ்ச பிறகுதான் "ம், வந்துருச்சு போலருக்கு"ம்பா. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பாக்குற மெஷின் ஒரு நம்பரைக் காட்டும். இவ ஒரு நெல்லை எடுத்துப் பல்லுல கடிச்சுப் பாத்துட்டு, "மெஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேப்பா. ரேஷன் கடைக்காரரு அவளைப் பாத்தாலே தராசைத் துடைக்க ஆரம்பிச்சுடுவாரு.

அவளைக் குத்தம் சொல்றதுக்கில்லை. புருஷன் செத்தப்ப மக மாலதி கைக்குழந்தை. தனியா நின்ன பொம்பளையை ஏய்க்கப் பாத்தவன் கொஞ்சமா நஞ்சமா? சந்தேகத்தையே வேலியாப் போட்டுக்கிட்டுத்தான் அந்தப் பொண்ணை பி.காம். வரைக்கும் படிக்க வச்சா. படிச்ச படிப்புக்கு வேலை கிடைக்கலை, ரெண்டு வருஷமா அம்மாவோட நடவுக்கு வருது.

கூத்தாநல்லூர் சுத்துவட்டாரத்துல நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போறவ வேம்புதான். நடவு மெஷின் வந்து பாதி வயலை முழுங்கின பிறகும், "வேம்பு ஆளுங்க நட்டா வரிசை கோணாது"ன்னு அவளைத் தேடி வர்ற மிராசுங்க இருந்தாங்க. கோணாததுக்குக் காரணம் அவ போட்ட சட்டம். வயல்ல இறங்கினா சோத்து வேளை வரைக்கும் ஒருத்தியும் கரையேறக் கூடாது. கரையேறாம இருக்கணும்னா தண்ணி குடிக்கக் கூடாது. வெட்டவெளி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது, எதிர் வரப்புல ஆம்பளைங்க நாத்துக்கட்டு விசிறிக்கிட்டு நிப்பாங்க. "காலையில தண்ணியைக் குடிச்சுட்டு வந்து என் உசிரை வாங்காதீங்கடி"ன்னு வீடு வீடாச் சொல்லிட்டுத்தான் கிளம்புவா. அவங்க அம்மா நடவுக்குப் போன காலத்துலேர்ந்து அதான் வழக்கம். வெயில் மட்டும் அந்தக் காலத்து வெயிலா இல்லை. அதை யாரு யோசிச்சா?

அந்தக் குறுவை நடவுலதான் நஜ்மா வந்தா. கூத்தாநல்லூர்க்காரப் பொண்ணு, தஞ்சாவூர்ல ஆராய்ச்சிப் படிப்பு. கூட ஒரு நர்ஸும் ஒரு பெட்டியும்.

"அக்கா, வெயில்ல வேலை செய்றவங்களுக்கு கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குறோம். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, ஆனா கிட்னி மட்டும் கெட்டுப்போகுது. உலகத்துல பல ஊர்ல இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. வெயிலு, தண்ணி குடிக்காதது, வலி மாத்திரை, இதெல்லாம் காரணமா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

"உங்களுக்கும் சந்தேகம்தானா?"ன்னா வேம்பு.

"ஆராய்ச்சின்னாலே சந்தேகம்தானேக்கா."

"அப்ப நான் பொறந்ததுலேர்ந்து ஆராய்ச்சிதாம்மா பண்ணிக்கிட்டிருக்கேன்."

பொம்பளைங்க எல்லாரும் சிரிச்சாங்க. வேம்பு சிரிக்கலை. கிட்னிங்கிற வார்த்தை காதுல விழுந்ததுமே அவளுக்குள்ள மணி அடிச்சுருச்சு. கூட நடவுக்கு வர்ற தங்கமணி போன்ல காட்டின வீடியோ ஞாபகம் வந்துருச்சு. எங்கயோ ஏழைங்களை ஏமாத்திக் கிட்னி எடுத்துட்டாங்களாம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்! நம்ம கிட்னி மேல இவங்களுக்கு என்ன திடீர்ப் பாசம்?

ரத்தம் குடுக்க மாட்டேன்னு கறாராச் சொல்லிட்டா. "சரிக்கா, உங்க இஷ்டம். காலையில எழுந்ததும் வர்ற சிறுநீரை மட்டும் இதுல பிடிச்சு வைங்க"ன்னு ஆளுக்கொரு டப்பா குடுத்தா நஜ்மா. ஒவ்வொண்ணுலயும் பேர் ஒட்டியிருந்துச்சு. மாலதி பேரைக் கேட்டப்ப வேம்பு குறுக்கே விழுந்தா.

"அவ பேரை எழுதாதீங்க. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். பொண்ணுக்கு கிட்னி டெஸ்ட் எடுத்தாங்கன்னு அவங்க காதுல விழுந்தா அவ்வளவுதான்."

மறுநாள் காலையில தன் டப்பாவை மாலதி கையில குடுத்தா. "போ, நீ இதுல பிடிச்சுட்டு வா."

"இது என்னம்மா கூத்து? உன் பேருல என்னுதா?"

"அதான்டி சூட்சுமம். கிட்னி ஒருத்தருக்கொருத்தர் பொருந்தணுமாம்ல? என்னுதுன்னு நினைச்சு என்னைத் தேடி வந்தா என் கிட்னி அந்த டெஸ்டோட பொருந்தாது. உன்னைத் தேடலாம்னா உன் பேரே அங்க இல்லை. திருடன் தெருத்தெருவா அலையட்டும்!"

மாலதி தலையில அடிச்சுக்கிட்டா. ஆனாலும் டப்பாவோட போனா. அம்மாகிட்ட வாதாடி ஜெயிச்ச சரித்திரம் அந்த வீட்டுல இல்லை.

நாத்தெல்லாம் பச்சை பிடிக்கிற சமயத்துல நஜ்மாகிட்டேர்ந்து போன் வந்துச்சு. "அக்கா, உங்க ரிப்போர்ட்ல கொஞ்சம் கோளாறு தெரியுது. அவசியம் ரத்தம் பாக்கணும், தஞ்சாவூர் வர்றீங்களா?"

வேம்புக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! போனை வச்சதும் தெருவைக் கூட்டிட்டா. "பாத்தீங்களாடி? நான் சொன்னனா இல்லையா? என்னுதே இல்லாத மூத்திரத்தைப் பாத்துட்டு எனக்கு நோயாம்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஆளைத் தஞ்சாவூருக்கு வரவழைக்கத்தான் இந்த நாடகம்!" மதகடியில, டீக்கடையில, பஸ்ஸுல, எங்க உக்காந்தாலும் இதே பேச்சு. கேட்டவங்களும், "வேம்பைக் கொம்பன் வந்தாலும் ஏமாத்த முடியாது"ன்னாங்க. மாலதி மட்டும் அந்தச் சிரிப்புல கலந்துக்கலை. சாயங்காலமானா கால் வீங்குதுன்னு சுவர் ஓரமா நீட்டி உக்காந்திருப்பா. "சேத்துல நிக்கிற காலு வீங்கத்தான் செய்யும்"னு வேம்பு தன் சுருக்குப்பையிலேர்ந்து ஒரு வலி மாத்திரையை எடுத்துக் குடுப்பா. ஊரையே சந்தேகப்பட்டவ, மருந்துக் கடையில டாக்டர் சீட்டு இல்லாம வாங்கின அந்த மாத்திரையை ஒரு நாளும் சந்தேகப்படலை. என்னத்தைச் சொல்ல?

மூணு தடவை போனை எடுக்காததால நஜ்மாவே கிளம்பி வந்துட்டா. அன்னிக்கு ஆத்தோரத்துல கடைசி நடவு. உச்சி வெயில். குடையும் தண்ணி பாட்டிலுமா வரப்புல தடுமாறிக்கிட்டு வந்தவளைப் பாத்ததும் வேம்பு சிரிச்சுக்கிட்டே கரைக்கு வந்தா. சட்டம் போட்டவளுக்குச் சட்டம் கிடையாது.

"அக்கா, பயமுறுத்தணும்னு வரலை. சிறுநீர்ல புரதம் நிறைய போகுது. அந்த அளவுக்குப் போகக் கூடாது. ஒரு டெஸ்டை வச்சு நோய்னு முடிவு கட்டவும் கூடாது. ரத்தம் பாக்கணும், சில மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். ஆரம்பத்துலயே தெரிஞ்சா மேல கெடாமப் பாத்துக்கலாம். உங்களுக்குக் கால் வீங்குதா? சிறுநீர் நுரைச்சுக்கிட்டுப் போகுதா?"

இந்த நேரத்துக்குத்தான் வேம்பு காத்துக்கிட்டிருந்தா. இடுப்புல கைய வச்சுக்கிட்டா. வயல்ல இருந்த அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி, "எனக்கு ஒரு வீக்கமும் இல்லை, நுரையும் இல்லை! ஏன்னா அது என்னுதே இல்லம்மா. வேற ஆளுது! எப்படி மாட்டிக்கிட்டீங்க பாத்தீங்களா?"

நாத்தைக் கையில வச்சுக்கிட்டே பொம்பளைங்க நிமிர்ந்து பாத்தாங்க. நஜ்மாவுக்குக் கோவம் வரும், இல்லாட்டி முகம் வெளிறும்னு வேம்பு எதிர்பாத்தா. ரெண்டும் நடக்கலை. அந்தப் பொண்ணு குடையை மடக்கிட்டுக் கிட்டத்துல வந்து, மெதுவாக் கேட்டா.

"அப்ப அது யாருதுக்கா?"

வேம்பு திரும்பி வயலைப் பாத்தா.

வரிசையோட அந்தக் கோடியில மாலதி குனிஞ்சு நட்டுக்கிட்டிருந்தா. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. அம்மாவோட சட்டமாச்சே! நேத்து ராத்திரி நீட்டியிருந்த அந்தக் காலு வேம்பு கண்ணுக்கு முன்னால வந்துச்சு. "நுரைநுரையாப் போகுதும்மா"ன்னு எப்பவோ ஒரு நாள் சொன்னது, "சூடு, மோரைக் குடி"ன்னு இவ அவ வாயை அடைச்சது, எல்லாம் வந்துச்சு. ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சோமே, அது எம்மவ நோயாடி? அய்யோ, பாவி நான்!

"மாலதி! கரையேறுடீ!"

அந்த வயல்ல வேம்பு வாயிலேர்ந்து யாரும் கேட்டிராத வார்த்தை அது. "பாம்பாக்கா?"ன்னு தங்கமணி துள்ளினா. வேம்பு வரப்பைச் சுத்திப் போகப் பொறுக்காம, அப்பத்தான் நட்ட நாத்தை மிதிச்சுக்கிட்டுக் குறுக்கால ஓடினா. வரிசை பூராவும் சேத்துல அமுங்கிப் போச்சு. மகளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கரையில உக்கார வச்சு, நஜ்மாவோட தண்ணி பாட்டிலை வாங்கினா. மோந்து பாத்து, தான் ஒரு வாய் குடிச்ச பிறகுதான் மக கிட்ட நீட்டினா. பழக்கம் விடுமா?

"குடி."

"குடிச்சுட்டு எங்கம்மா ஒதுங்குறது?"ன்னு மாலதி எதிர் வரப்பைப் பாத்தா.

"நான் சேலையைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எவன் பாக்குறான்னு பாத்துடுறேன். குடிடி தங்கம்."

மறுநாளே தஞ்சாவூர் பஸ் ஏறிட்டாங்க. "பட்டுக்கோட்டைக்காரங்க கேட்டா என்னம்மா சொல்வே?"ன்னு வழியில மாலதி கேட்டா. "கேக்கட்டும்"னு சொல்லிட்டு வேம்பு ஜன்னலோரம் திரும்பிக்கிட்டா. கண்ணைத் துடைச்சது மகளுக்குத் தெரியக் கூடாதாம்.

ஆஸ்பத்திரியில நர்ஸ் ரத்தம் எடுத்துட்டு, புது டப்பா ஒண்ணை எடுத்து, பேரென்னன்னு கேட்டா.

"மாலதி"ன்னா வேம்பு.

நர்ஸ் எழுதினா. வேம்பு நகரலை. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். டப்பாவைக் கையில வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்துல வச்சு, ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுப் படிச்சா. மா. ல. தி. அப்புறம் மகளோட உள்ளங்கையில அதை வச்சு, தன் ரெண்டு கையாலயும் பொத்தினா.

"இதுல உன்னுதுதான் இருக்கணும்டி"ன்னா. "கதவுக்கு வெளியிலயே நிக்கிறேன்."