ஊசிய சட்னி யாருக்கு?

தொண்ணூறுகளில் நான் வங்காளத்தில், லேக் மார்க்கெட் பகுதியில் ஒரு தமிழரின் டிபன் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மிஞ்சிய சட்னி வங்காளிகளுக்கு, புதுசு நம்மவர்களுக்கு. இது முதலாளி போட்ட சட்டம். யாராவது முகம் சுளித்தால், "தாதா, மெட்ராஸ் ருசியே இதுதான்!" என்று அண்ணன் முறை வைத்து, சிரித்துச் சமாளிப்பது என் வேலை.

ஒருநாள் முதலாளியின் மகன் பள்ளிக்கூட நண்பனைச் சாப்பிடக் கூட்டி வந்தான். இருவரும் வங்காள மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். குறும்பு யாரை விட்டது? இரண்டு தட்டிலும் ஊசியதையே ஊற்றினேன்.

கல்லாவிலிருந்து பாய்ந்து வந்த முதலாளி, மகன் தட்டை மட்டும் பிடுங்கினார்.

"எருமை! யாருக்கு ஊத்துறன்னு பாக்க மாட்டியா?"

"வங்காளத்துல பேசுனாங்களே மொதலாளி! சரி, அந்தப் பையனுக்கும் மாத்திடவா?"

"அவனுக்கு என்னடா தெரியப்போவுது!"

தமிழ் புரியாத நண்பன், "உன் தட்டை ஏன் எடுத்தார்?" என்று வங்காள மொழியில் கேட்டான்.

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். போட்டு உடைக்கப் போகிறான் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

"ஈ விழுந்துடுச்சு. நீ சாப்பிடு" என்றான் மகன்.

நண்பன் தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

"பொழச்சுக்குவான்டா எம் புள்ள" என்று முதலாளி என் காதில் சொல்லிப் பூரித்தார்.

முதலாளி ஏமாற்றுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. அப்பன் முகத்தைப் பார்த்து அந்தப் பையன் முடிவெடுத்த அந்த ஒரு நொடிதான் இன்னும் பழகவில்லை.